அம்மாவுக்கும் ஒரு கட்டில்

காரைக்கால் நகரத்தை ஒட்டி மேற்கே இருக்கிறது தருமபுரம். மயிலாடுதுறையில் ஆதீன மடம் இருக்கும் தருமபுரம் வேறு. இது யாழ்மூரிநாதர் கோயில் இருக்கும் தருமபுரம். ஊர் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரிக்குப் போக ஏறக்குறைய 130 கிலோமீட்டர், பெரும்பாலும் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தாக வேண்டும். சான்றிதழ் வாங்கவும் கல்லூரியில் சேரவும் போய்வந்து இந்தத் தூரம் பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. நாள் நிறையாமல் பிறக்கிற குழந்தைக்குத்தான் அது பழகாது.

எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி எடுத்து, 1.3 கிலோ எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்குகிறது. டாக்டர் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கிறார். புதுச்சேரி, தஞ்சாவூர், திருவாரூர் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஆம்புலன்ஸ் கிளம்பும். அப்பாவும் பாட்டியும் கூடப் போவார்கள். வயிற்றில் தையலோடு அம்மா பிரசவ வார்டிலேயே இருப்பார். “தையல் பிரிச்சதும் போய்ப் பார்த்துக்கலாம்மா” என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் தேற்றுவார்கள். அங்கே போய்ச் சேர்ந்த அப்பாவும் பாட்டியும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, வராந்தாவில் பாய் விரிப்பார்கள். மருந்துச் சீட்டு வந்தால் ஓடுவது, கையெழுத்துக் கேட்டால் போடுவது, பார்வை நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்ப்பது: குடும்பத்தின் வேலை இவ்வளவுதான்.

தையல் பிரிக்கும் வரையிலான இந்த ஏழெட்டு நாளில் குழந்தைக்குக் கிடைக்காமல் போவது அன்பு மட்டும் என்றால் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம். உண்மையில் கிடைக்காமல் போவது சிகிச்சையின் ஒரு பகுதி. உயிர் பிழைக்கும் வாய்ப்பையே மாற்றக்கூடிய பகுதி. அதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்த அளவீடுகளைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் நம் ஊர் வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் குழந்தைகள் வார்டில் அம்மா இல்லாத கட்டிலை நீங்கள் பார்க்க முடியாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, அம்மா அதே கட்டிலில் ஒண்டிப் படுத்திருப்பார். அத்தையோ பாட்டியோ தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருவார். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் சிஸ்டரே கேட்பார், “கூட யாரும் வரலையா?” என்று. இவ்வளவு இயல்பாகக் குடும்பத்தை உள்ளே விட்ட நாடு, குழந்தை மிகச் சிறியதாகவும் நோய் மிகக் கடுமையாகவும் இருக்கும் அந்த ஓர் அறையில் மட்டும் கதவை அடைத்துக்கொண்டது. அந்தக் கதவு இங்கே செய்ததல்ல. இன்குபேட்டரோடும், குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரோடும் சேர்ந்தே ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தது.

அங்கே அது வந்த வரலாறு வேதனையானது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெற்றோர் என்றாலே கிருமி கொண்டுவருபவர்கள், குழந்தையை அழவைப்பவர்கள் என்று மருத்துவமனைகள் நினைத்தன. 1940-களின் இறுதியில்கூட லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுக்கப் பெற்றோர் குழந்தையை வந்து பார்க்க முடியாது; மாலையில் அது தூங்கும்போது எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1925-லேயே தாய்மாரைக் குழந்தைகளோடு மருத்துவமனையில் தங்கவைத்தார். நியூசிலாந்தில் பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்ட குழந்தைகளுக்கு அறுவை செய்துவந்த பிக்கரில் தம்பதியர், குழந்தையை அதன் தாயைத் தவிர வேறு யாரும் தொட்டுப் பராமரிக்காதபடி ஏற்பாடு செய்தார்கள். அறுவைக்குப் பிந்தைய கிருமித் தொற்று அவர்களிடம் அற்றுப்போனது. 1954-ல் லான்செட் இதழில் அதை எழுதினார்கள். எந்தக் கிருமியைச் சொல்லித் தாயை வெளியே நிறுத்தினார்களோ, அந்தக் கிருமியை உள்ளே வந்த தாய்தான் தடுத்தார். பல குழந்தைகளைத் தொடுகிற பணியாளரின் கை ஒரு குழந்தையின் கிருமியை இன்னொன்றுக்குக் கடத்தும். ஒரே குழந்தையை மட்டும் தொடுகிற தாயின் கையில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமானவராகப் படுபவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். மருத்துவர் அல்ல, லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தில் சமூகப் பணியாளர். குழந்தைகள் வார்டுகளில் உட்கார்ந்து கவனிப்பதே அவர் வேலை. தாயைப் பிரிந்த சிறு குழந்தை முதலில் கத்தி அழுகிறது. பிறகு அழுகை அடங்கிச் சோர்ந்துவிடுகிறது. பிறகு யார் வந்தாலும் ஒன்றுபோல் இருக்கிறது, அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “குழந்தை பழகிவிட்டது” என்று வார்டில் சொல்லிவந்த அந்த நிலை, உண்மையில் மூன்றாம் கட்டப் பாதிப்பு என்றார் அவர். நம்பமாட்டார்கள் என்பதால் ஒரு சிறிய கேமராவை வாங்கிப் படமெடுத்தார். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததைக் காட்டும் அந்தப் படம் 1952-ல் மருத்துவர்கள் முன் திரையிடப்பட்டபோது அரங்கில் கோபம் எழுந்தது. ஆனால் 1959-ல் பிரிட்டனின் பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சிறு குழந்தையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. ‘சத்தமில்லாமல் இருக்கிற குழந்தை நன்றாக இருக்கிறது’ என்ற எண்ணம் இன்றும் எல்லா ஊர் வார்டுகளிலும் உண்டு. அது தவறு என்று 70 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் படம்பிடித்துக் காட்டிவிட்டார்.

இனி உடலுக்குள் போவோம். குறைமாதக் குழந்தைக்கு முதல் எதிரி குளிர். காரைக்கால் வெயிலில் குளிரா என்று கேட்கலாம். உடம்பின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு மிகப் பெரியது. வெப்பம் வேகமாக வெளியேறும். தோல் மெல்லியது, ஈரம் ஆவியாகும். குளிரும்போது எரித்து வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது; இந்தக் குழந்தை அது சேர்ந்து முடியும் முன்பே வந்துவிட்டது. உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால், வளர்வதற்கு வேண்டிய சர்க்கரையும் ஆக்சிஜனும் சூடு தேடுவதிலேயே செலவாகிவிடும். அம்மாவின் மார்பில் தோலோடு தோலாகக் குழந்தையை வைத்தால், குழந்தை குளிரும்போது மார்பின் வெப்பம் ஏறுகிறது, சூடானால் இறங்குகிறது. அமெரிக்காவில் சூசன் லடிங்டன்-ஹோ என்ற செவிலியர் பேராசிரியர் இரட்டைக் குழந்தைகளை ஒரே நேரத்தில் மார்பில் வைத்து அளந்து பார்த்தார். ஒவ்வொரு மார்பகமும் தன்மேல் படுத்திருந்த குழந்தைக்கு ஏற்பத் தனித்தனியே வெப்பத்தை மாற்றிக்கொண்டது. 2006-ல் வெளியான மிகச் சிறிய ஆய்வுதான் அது. ஆனாலும் அதைப் படித்தபின் வார்மரைப் பழைய வியப்போடு பார்க்க முடியவில்லை.

இரண்டாம் எதிரி கிருமி. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளின் இரத்தத் தொற்றை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா ஆகிய மருத்துவமனைக் கிருமிகளே முன்னால் நின்றன. அவற்றில் பெரும்பகுதி பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. பிறந்த குழந்தையின் தோலிலும் குடலிலும் எந்தக் கிருமி முதலில் குடியேறுகிறது என்பது ஒரு போட்டி. அம்மாவின் மார்பில் இருந்தால் அம்மாவின் சாதுவான கிருமிகள் இடம் பிடிக்கும். தனியாகக் கிடந்தால் வார்டின் கிருமிகள். இதைவிட நுட்பமான ஒன்றும் நடக்கிறது. அம்மா அதே அறையில் இருந்தால் அந்த அறையின் கிருமிகள் அவருடைய குடலையும் நுரையீரலையும் தொடும். அங்கே பயிற்சி பெற்ற எதிர்ப்பு அணுக்கள் இரத்தத்தில் பயணித்து மார்பகத்துக்கு வந்து, அதே கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்புப் புரதத்தைப் பாலில் சேர்க்கும். அதாவது, குழந்தை எந்த அறையில் போராடுகிறதோ அந்த அறைக்கேற்ற மருந்து அந்தப் பாலில் இருக்கும். காரைக்காலில் படுத்திருக்கும் அம்மாவின் பாலில் தஞ்சாவூர் வார்டின் கிருமிக்கு எதிர்ப்பு எப்படி வரும்?

பால் வற்றுவதும் அந்தத் தூரத்தால்தான். இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும், பீச்சி எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். குழந்தையைக் காணாமல், தையல் வலியோடு, யாருக்காக என்று தெரியாமல் பீச்சுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த வார்டில் இருந்த பெண்கள் சொல்வார்கள்.

1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோடா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவரிடம் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்ததால் தொற்று பரவியது. பிரிந்திருந்த தாய்மார் சிலர் திரும்பி வரவே இல்லை. அவரும் எக்டர் மார்த்தினெசும் நிலை தேறிய குழந்தைகளைத் தாயின் மார்பில் கட்டிவிட்டார்கள். அதுதான் இன்று கங்காரு பராமரிப்பு. அதே காலத்தில், 1979-ல், எஸ்டோனியாவின் தாலின் நகரில் செவிலியர் பற்றாக்குறையால் தவித்த ஆதிக் லெவின், நோயுற்ற குழந்தைகளின் பராமரிப்பைத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைத்தார். செவிலியர்கள் ஆசிரியர்களானார்கள். தொற்றும் குறைந்தது, எடையும் நன்றாக ஏறியது. பணக்கார நாடான கனடா அதைப் பார்த்துப் படித்தது. அங்கும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெற்றோரில் ஒருவர் தினம் ஆறு மணி நேரமாவது குழந்தையோடு இருந்து பராமரிக்கும்படி செய்து பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி அந்தக் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியது, பெற்றோரின் பதற்றம் குறைந்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை இருந்தது: குழந்தை முதலில் ஓரளவு நிலைபெற வேண்டும், பிறகுதான் அம்மா. அந்த நிபந்தனையை உடைத்த ஆய்வில் நம் நாட்டு மருத்துவமனை ஒன்று பங்கேற்றது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளில் தலா ஒரு மருத்துவமனையும் சேர்ந்து, 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கின. ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை: முதலில் வார்மர், தேறியபின் கங்காரு. மற்றப் பிரிவுக்குப் பிறந்ததிலிருந்தே, சிகிச்சை நடக்கும்போதே, அம்மாவின் மார்பு. அம்மாவால் முடியாத நேரத்தில் பாட்டியோ சித்தியோ. இதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே அம்மாக்களுக்குக் கட்டில் போட்டார்கள். இந்தப் பிரிவுக் குழந்தைகள் அந்த அறையில் நாளுக்குச் சராசரியாக 17 மணி நேரம் மார்பில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் ஒன்றரை மணி நேரம்.

28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 சதவீதம்; அம்மாவோடு இருந்தவர்களில் 12 சதவீதம். நான்கில் ஒரு மரணம் குறைந்தது. 27 குழந்தைகளை இப்படிப் பராமரித்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்பும் என்று பொருள். பலன் தெளிவாகத் தெரிந்ததால், கண்காணிப்புக் குழு ஆய்வை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னது. அதற்குமேல் ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு இதை மறுப்பது நியாயமில்லை. 2021 மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: பிறந்தவுடனேயே தொடங்குங்கள். அத்தோடு, பராமரிப்பில் குடும்பத்தைச் சேர்ப்பதையும் தனியே பரிந்துரைத்தது.

மரணத்தை நான்கில் ஒன்று குறைக்கும் ஒரு ஊசி மருந்து வந்திருந்தால் மறுமாதமே எல்லா மாவட்ட மருத்துவமனைகளும் அதைக் கேட்டிருக்கும். இது ஒரு கட்டில். அதனால்தான் இவ்வளவு தாமதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே வந்த அம்மா என்ன செய்வார்? டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் ஆர்த்தி மரியாவின் குழு, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் புரியும்படி படக்காட்சிகளாகப் பாடம் தயாரித்தது. அவர்களின் ஆய்வில் 295 குழந்தைகள் இருந்தார்கள். பெற்றோர் பராமரித்ததால் தொற்று கூடவில்லை. வீடு திரும்பும்போது தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் 67 சதவீதத்திலிருந்து 80 சதவீதமானார்கள். இந்த அனுபவத்தின் வழியே 2017-ல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. நான்கு பாடங்கள் அதில்: உள்ளே வரும் முறையும் கை கழுவுதலும்; குழந்தையைத் தொடுவது, துடைப்பது, பால் புகட்டுவது; கங்காரு பராமரிப்பு; வீட்டுக்குப் போகத் தயாராவது.

பால் புகட்டுவதை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் கோர்த்துச் செய்ய வராது. முதலில் வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ டியூபில் பால். பிறகு பாலாடை. நம் வீடுகளில் இருக்கும் அதே நீண்ட மூக்குள்ள கிண்ணம்தான். வளையல், மோதிரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய அம்மா, குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடிக்கிறார். பாலாடையின் மூக்கைக் கடைவாயில், உதட்டோரமாக வைத்துச் சாய்க்கிறார். சில சொட்டு. நிறுத்துகிறார். தொண்டை அசைகிறதா என்று பார்க்கிறார். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. 20 மில்லி புகட்டக் கால் மணி நேரம்கூட ஆகலாம். உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு நின்றுபோனதுபோல் இருந்தால் உடனே நிறுத்தி சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். ஒரு ஷிஃப்டில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்கும் செவிலியரால் ஒவ்வொரு வேளையும் இந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்க முடியுமா? அம்மாவால் முடியும். வீட்டுக்குப் போகும் நாளில் அவருக்குக் கை நடுங்காது.

அப்பாவின் மார்பிலும் இந்தச் சூடு உண்டு. சம்பந்தரைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போன தந்தையைப் பாடிய மரபு நம்முடையது. ஆனாலும், சட்டையைக் கழற்றிக் குழந்தையை மார்பில் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் நம் அப்பாக்கள் கூச்சப்படுகிறார்கள். ஆண்களை அந்த அறைக்குள் விட வார்டும் தயங்குகிறது. அம்மா வேறு ஊரில் படுத்திருக்கும்போது அந்த முதல் நாட்களுக்கு இருப்பது அப்பாவும் பாட்டியும்தானே. வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அவர்களை உள்ளே அழைக்கலாம். அதைவிட நல்லது, நாள் நிறையாமல் வலி எடுத்தவுடனேயே, பயணம் தாங்கும் நிலையில் இருந்தால், அம்மாவை வயிற்றுப் பிள்ளையோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. பிறந்தபின் அனுப்ப நேர்ந்தால் இருவரையும் சேர்த்து அனுப்புவது.

கொஞ்சம் பெரிய குழந்தைகளின் விஷயத்தில் பெற்றோரின் பங்கு வேறு விதமானது. அவர்கள் எச்சரிக்கை மணி. “நேத்து மாதிரி இல்லை டாக்டர், பார்வையே சரியில்லை” என்று ஒரு அம்மா சொன்னால், நாடித்துடிப்பு சரியாக இருந்தாலும் அதை ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மெல்போர்னின் மோனாஷ் குழந்தைகள் மருத்துவமனையில் இதை ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டார்கள். குழந்தையின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் கவலைப்பட்ட குழந்தைகளுக்கே தீவிர சிகிச்சைக்குப் போக அதிக வாய்ப்பு இருந்தது. இங்கிலாந்தில் பெற்றோரின் கவலை கேட்கப்படாமல் 13 வயதுச் சிறுமி மார்த்தா மில்ஸ் 2021-ல் இறந்தபின், வேறொரு மருத்துவக் குழுவை உடனே கேட்கும் உரிமை குடும்பங்களுக்கு அவர் பெயராலேயே 2024 முதல் தரப்படுகிறது.

இதிலெல்லாம் ஒரு ஆபத்தும் இருக்கிறது. குடும்பத்தைச் சேர்ப்பது என்ற பெயரில் செவிலியர் பற்றாக்குறையைத் தாய்மார் தலையில் கட்டிவிடலாம். கற்றுக்கொடுக்காமல், மேற்பார்வை இல்லாமல், “நீங்களே பார்த்துக்கோங்க” என்று விடுவது பங்கேற்பு ஆகாது. சஃப்தர்ஜங்கில் அம்மாவுக்குக் கட்டில் மட்டும் போடவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய சிகிச்சையும் அதே அறைக்கு அவரைத் தேடி வந்தது. பிரசவப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் தனித்தனிச் சாம்ராஜ்யமாக இருக்கும் இடத்தில் இது நடக்காது.

செலவும் அப்படித்தான். 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அரசு மருத்துவமனையில் பிரசவத்தையும் நோயுற்ற பச்சிளம் குழந்தையின் சிகிச்சையையும் இலவசமாக்கியது. அது வகுத்த கணக்கில் தாய்க்கு இலவச உணவு சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், அறுவை என்றால் ஏழு நாள். 1.3 கிலோ குழந்தை வீடு திரும்ப நான்கைந்து வாரம் ஆகும். அதுவரை அம்மா நாளுக்குப் பதினேழு மணி நேரம் அதை மார்பில் சுமந்து, எட்டுப் பத்து முறை பால் பீச்ச வேண்டும். அப்பாவுக்குக் கூலி போகும். வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மாவும் சிகிச்சைதான் என்று ஒப்புக்கொண்ட மருத்துவமனை, எட்டாம் நாள் காலையில் அவருக்கு இட்லி எங்கிருந்து வரும் என்பதையும் டிஸ்சார்ஜ் வரைக்கும் எழுதிவைக்க வேண்டும்.